முள்தேங்காய்ப் பருப்பும் என் கையெழுத்தும்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்த் தகரப் பேணி வெளியேற்றப்பட்டது. ஆண்டு நிறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த நாளை வீட்டில் என்னைத் தவிர எவரும் நினைவில் வைத்திருக்கவுமில்லை. மாலையில் பேத்தியின் பள்ளித் தோழிகள் வருவதாக இருந்தது. "அந்த மணம்" வீட்டில் இருக்கக் கூடாதென்று அவள் ஆங்கிலத்தில் உத்தரவிட்டாள். நாங்கள் தமிழில் பேசுவது அவளுக்கு விளங்கும். தமிழில் விடை சொல்வதைத்தான் பத்து வயதோடு நிறுத்திக்கொண்டாள். என் மருமகள் ஃபரீனா மறுபேச்சின்றிப் பேணியைத் தூக்கிச்சென்று கராஜில் வைத்தாள். என் பழைய கோப்புகள் அடங்கிய இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. புத்தளத்தில் தேங்காயெண்ணெய் உறைவதில்லை. மார்கழி விடியலில் சற்று மங்கும். வெயில் ஏறியதும் தெளிந்துவிடும். இங்கே, லண்டனுக்குத் தெற்கேயுள்ள இந்தச் சிறு நகரத்தில், சூடேற்றாத அறையில் வைத்த எண்ணெய் ஐப்பசியிலேயே வெண்மெழுகாக இறுகிவிடும். கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அது குறையன்று; நல்ல எண்ணெயின் குணம்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, முழங்காலுக்குத் தேய்ப்பதற்குச் சிறிது எண்ணெய் எடுக்கக் கராஜுக்குச் சென்றேன். மூடியைத் திறந்து கரண்டியை விட்டேன். கரண்டி எதிலும் முட்டாமல் பாதிவரை இறங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பாதி வெள்ளையாக உறைந்திருந்தது. அதன்மேல் சாணளவு உயரத்துக்கு மஞ்சள் நிறத் திரவமொன்று தளும்பிக்கொண்டு நின்றது. குளிர் அதைத் தொடவேயில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், துப்பிவிட்டேன்.

பேணியை மூடித் திருப்பிவைத்தபோது அதன் முகப்பு என்னைப் பார்த்தது. ஒரு தென்னை, பின்னால் களப்பு நீர், கீழே தங்க நிறத்தில் இரண்டு வரிகள்: "நூறு வீதம் தூய கற்பிட்டித் தேங்காயெண்ணெய். தரத்துக்குப் பொறுப்பு." அதன்கீழ் ஒரு கையெழுத்து, ஒரு முழுப் பெயர், ஒரு பழைய பதவி.

மூன்றும் என்னுடையவை.

2

அந்தக் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லிவிடுவது முறை.

கல்லூரிப் படிப்பு முடித்து அரச சேவையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும்வரை, மாவட்டத்தின் பயிர்ப் புள்ளிவிபரங்களைத் திரட்டுவதே என் கடமையாக இருந்தது. தேங்காய், கொப்பறா, நெல், வெங்காயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. ஒவ்வோர் அட்டவணையின் கீழும் என் கையெழுத்து. யுத்த காலத்தில் எலுவன்குளம் போன்ற காட்டோர ஊர்களுக்குச் சில பருவங்களில் போகவே முடியாது. அப்போது கடந்த ஆண்டுத் தொகையை வைத்து மதிப்பிட்டு எழுதுவோம். மதிப்பீடு என்பதை மறைக்காமல் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுவேன். மேலதிகாரிகளுக்கு அந்த நட்சத்திரம் பிடிக்காது. "இவ்வளவு நட்சத்திரம் எதுக்கு? இது கணக்கா, வானமா?" என்று ஒருவர் கேட்டார். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. என் கையெழுத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு அந்த நட்சத்திரங்களால் வந்தது.

ஓய்வுபெற்று மகன் ரியாஸிடம் வந்த பின்னும் பழக்கம் போகவில்லை. இலங்கையின் உணவு வழங்கல் அட்டவணைகள் வெளியாகும்போதெல்லாம் கணினியில் எடுத்து வாசிப்பேன். அவற்றில் ஒரு வரி சில காலமாக என்னை உறுத்திவந்தது: முள்தேங்காய்ப் பருப்பு, உள்நாட்டு வழங்கல்.

சிங்களத்தில் கட்டுப்பொல் என்று சொல்லப்படும் முள்தேங்காய், தெற்கே மழை மிகுந்த மலையடிவாரங்களில் பயிராவது. அதன் பழம் இரண்டு எண்ணெய்களைத் தரும். வெளிச்சதையைப் பிழிந்தால் செம்மஞ்சளாக வருவது பாம் எண்ணெய். அதிலிருந்து பிரித்த, எளிதில் உறையாத மஞ்சள் எண்ணெய்தான் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. கொட்டையை உடைத்தால் உள்ளே ஒரு பருப்பு. அதை ஆட்டினால் வருவது வேறோர் எண்ணெய். எண்களை இங்கே தரமாட்டேன், என் கோப்புகள் முழுமையாக இல்லை. போக்கை மட்டும் சொல்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு அந்த வரி ஏறியது. பின்னர் முள்தேங்காய்ச் செய்கையை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. அதன் பிறகும் அது வற்றிவிடவில்லை. நடுவதைத்தான் தடுக்கலாம், நின்ற மரம் காய்க்கத்தானே செய்யும்.

உள்நாட்டு வழங்கல் என்பது எளிய கணக்கு. விளைந்ததோடு வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்து, களஞ்சியத்தில் கிடப்பதைச் சரிபார்த்தால் எஞ்சுவது. எஞ்சியது நாட்டுக்குள்ளே எவராலோ பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முள்தேங்காய்ப் பருப்பு எண்ணெய் என்று எழுதிய ஒரு போத்தலை நான் எந்தக் கடைத் தட்டிலும் கண்டதில்லை. அதில் பொரித்துத் தின்றதாகச் சொல்லும் ஒரு மனிதரையும் சந்தித்ததில்லை. சவர்க்காரத்துக்கும் மாட்டுத்தீனிக்கும் போகிறதென்று அட்டவணைக்காரர்கள் எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அவ்வளவு சவர்க்காரம் தேய்த்துக் குளித்தும் நாடு இப்படி இருக்கிறதா என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் மகன் நௌஷாத், கற்பிட்டி அருகே எத்தாளையில் எங்கள் குடும்பத்தின் எண்ணெய் மில்லை நடத்துபவன், இங்குள்ள நம்மவர்களுக்குப் பேணிகளை அனுப்பப் போவதாகவும் முகப்பில் என் கையெழுத்து வேண்டுமென்றும் கேட்டபோது, நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெயைச் சோதிக்கவில்லை. வெள்ளைத் தாளில் நிதானமாக ஒப்பமிட்டுப் படமெடுத்து அனுப்பினேன். அதோடு நில்லாமல், ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "இது எங்கள் குடும்பத்து எண்ணெய். இதற்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். அந்த ஒப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இட்டிருக்க வேண்டும். இடவில்லை. என் பெயர் முகப்பில் நிற்கும் புகழுக்கு நான் இணங்கியதுதான் காரணம்.

3

அடுத்த நாள் காலையில் நௌஷாதுக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் மில் ஓடும் இரைச்சல் கேட்டது.

"நௌஷாத், பேணிக்குள்ள என்ன இரிக்கி?"

"எண்ணெய்தான் சாச்சா. வேற என்ன இரிக்கும்?"

"பாதி உறைஞ்சிரிக்கி. பாதி உறையல்ல."

அவன் உண்மையான வியப்போடு கேட்டான்: "அங்க அவ்வளவு குளிரா சாச்சா?"

"என்னத்தக் கலந்த நீ?"

"அட, குளிர நாங்க யோசிக்கவே இல்லயே! இங்க ஊத்திப் பாத்தம், மணந்து பாத்தம், பொரிச்சும் பாத்தம். ஒருத்தருக்கும் விளங்கல்ல. ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சுப் பாக்க ஒரு நாய்க்கும் மூள போகல்ல."

"நௌஷாத்!"

"எல்லாரும் போடுற சாமான்தான் சாச்சா. பாம். கத்தாதீங்க, ஒங்களுக்கு பிரஷர். நான் ஒண்டு கேக்கிறன். தேங்கா எங்க இரிக்கி? நம்மட தோட்டத்துக்கு அடுத்த காணி ஹோட்டல்காரனுக்குப் போயிட்டு. அங்கால காணிக்கு வெள்ள ஈ புடிச்சிட்டு. மிச்ச காய, பால் எடுக்கிற பெக்டரிக்காரன் மரத்தில நிக்கக்குள்ளயே பேசி முடிச்சிர்றான். கொப்பறா போட எனக்கு அவன் உட்டுட்டுப் போறது குரும்பட்டிதான்."

"இல்லாட்டி மில்ல மூடு."

"மூடிட்டு? வேல செய்ற அத்தன குடும்பத்தையும் ஒங்கட கராஜுக்கு அனுப்பவா?"

என் கையெழுத்தை எடுத்துவிடும்படி சொன்னேன். பேணிகள் அச்சாகி முடிந்துவிட்டன என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாச்சா, அடுத்த தொகுதியில இந்தக் கரைச்சல் வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றான்.

அவன் திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுவதும் பிறர் தரும் தகவலைச் சந்தேகிப்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான். சொந்த இரத்தத்தின் ஒரு வாக்கியத்தை, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் சலீம் வீட்டுக்கு வந்தார். பேணிகளை விற்பது அவருடைய கடை. மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டுப் புத்தளத்தின் தில்லையடிக்கு வந்து, அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தவர். என்னை எப்போதும் சேர் என்றுதான் அழைப்பார்.

"சேர், ரெண்டு மூணு பேர் கேக்கிறாங்க. எண்ணெய் மேலால மஞ்சளா நிக்கிதாம். ஏன் எண்டு சொல்லணுமே."

நான் அவரைக் கதிரையில் இருத்தி, குளிர் நாட்டில் சில வேளைகளில் அப்படித்தான் பிரியும் என்றும் அஞ்ச வேண்டியதில்லை என்றும் விளக்கினேன். உருகுநிலை என்ற சொல்லை இருமுறை பயன்படுத்தினேன். அவர் முகம் தெளிந்தது.

"நான் அவங்கள்ட்ட சொன்னன், சேர் இரிக்காரு, கேட்டுட்டு வாறன் எண்டு. படிச்ச ஆக்கள் எண்டா படிச்ச ஆக்கள்தான்."

அவர் போன பிறகு கைகழுவினேன். அந்த எண்ணெயைத் தொட்டபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு ஏற்படவில்லை.

4

தேங்காய்ப் பருப்பை உலர்த்தி விற்ற என் தகப்பனாரின் கொப்பறாச் சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காலம் தூய காலமென்று நான் நடிக்கப் போவதில்லை. நனைந்த கொப்பறாவை உலர்ந்ததன் நடுவே செருகி எடைகூட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். எங்கள் உறவினர்களிலேயே இருந்தார்கள். வாப்பா கடுமையானவர், கூலியாட்களிடம் நயமாகப் பேசத் தெரியாதவர். அவரைப் பிரிந்ததில் எனக்குக் கண்ணீர் மிகுதியாக வந்ததில்லை.

ஆனால் எங்கள் சாலையில் ஒரு முறை இருந்தது. கொள்வனவுக்காரர் தராசோடு வரும் நாளில், அவர் கொப்பறாக் குவியலைத் தொடுவதற்கு முன்பே வாப்பா அதன் முன் குந்திவிடுவார். ஒவ்வொரு கொப்பறாவாக எடுத்து ஒடிப்பார். நன்கு காய்ந்தது படீரென்று முறியும். ஈரம் உள்ளது வளையும். வளைவதையும், புகை ஏறிக் கறுத்ததையும், பூஞ்சணம் பிடித்ததையும் பக்கத்திலிருக்கும் கழிவுக் கூடையில் எறிவார். வந்தவர் "போதும் முதலாளி, இது நான் பாக்க வேண்டிய வேல" என்பார். வாப்பா நிமிரமாட்டார். "நீங்க கழிச்சா அது ஒங்கட விலை. நான் கழிச்சா அது என்ட பேர்" என்பார். கூடை நிறைந்த பிறகுதான் எழுந்து தராசுக்கு வழிவிடுவார்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது வீண் செருக்காகத் தோன்றியது. வாங்குபவர் கவனிக்காத குறையை விற்பவரே எடுத்துக் காட்டுவது என்ன வியாபாரம்?

5

தை மாதத்தில் இரண்டாம் தொகுதி வந்தது. முகப்பில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. கோபத்தோடுதான் ஒரு பேணியைக் கராஜில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். அடியிலிருந்து விளிம்புவரை ஒரே வெள்ளை. கரண்டி நுழையவில்லை. கீறிப் பார்த்தேன், மஞ்சள் ஒரு சொட்டும் இல்லை.

நான் மகிழ்ந்தேன் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு மண்டபத்தில் மறுபடியும் எழுந்து நின்றேன். முதல் தொகுதியில் ஒரு சிறு குறை இருந்ததாகவும், நான் நேரில் தலையிட்டு அதைச் சீர்செய்துவிட்டதாகவும் அறிவித்தேன். சலீம் ஒரு பேணியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, மல்லிகப் பூ மாதிரி இரிக்கி. சேர் ஊருக்கு ஒரு கோல் எடுத்தா சும்மாவா?" என்றார். எவரோ சிரித்தபடி, "சேர ஊருக்கு அனுப்பினா நாடே திருந்தும்" என்றார். நான் அந்தப் பேச்சை அடக்கத்தோடு மறுத்தேன்; அடக்கமும் எனக்கு நன்றாகப் பொருந்தியது.

வீட்டுக்கு வந்ததும் நௌஷாதைப் பாராட்ட அழைத்தேன். அவன் ஸலாமுக்குப் பதில் சொல்லும் முன்பே கேட்டான்: "சாச்சா, முழுசா உறைஞ்சா?"

"முழுசா. அல்ஹம்துலில்லாஹ்."

"நான் சொன்னன்தானே! இது வேற சாமான். பாம் இல்ல, பாம் கொட்டைக்குள்ள இரிக்கிற பருப்பு. தெக்கால இரிந்து சாக்கில வருது. கொப்பறாவோட சேத்து நம்மட மில்லிலயே போட்டு ஆட்டிறன். அதால நம்மட மில்லில ஆட்டின எண்ணெய் எண்டு சொன்னா பொய்யும் இல்ல. தேங்கா எண்ணெய் மாதிரியே வெள்ள, தேங்கா எண்ணெய் மாதிரியே உறையும். கண்ணால ஒருத்தனுக்கும் கண்டு புடிக்க ஏலாது."

அவன் தொடர்ந்தான்.

"நீங்கதான் சாச்சா வழி காட்டினீங்க. குளிர் விசயத்த நீங்க சொல்லாட்டி நாங்க இன்னும் அந்தப் பாமத்தான் ஊத்திக்கிட்டு இரிப்பம்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். கோப்புப் பெட்டியைத் திறந்து அந்த அட்டவணையை எடுத்தேன். முள்தேங்காய்ப் பருப்பு, உள்நாட்டு வழங்கல். எங்கே போகிறது என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தாளைக்குப் போகிறது. எங்கள் மில்லுக்குள் போகிறது. ஒரு பங்கு கடல் தாண்டி, என் கையெழுத்தின் கீழ் என் வீட்டுக் கராஜுக்கே வந்து சேர்கிறது.

6

மூன்று வெள்ளிக்கிழமைகள் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த எண்ணெய் நஞ்சன்று. முள்தேங்காய்ப் பருப்பு எண்ணெய் என்று எழுதி விற்றால் எவரும் வாங்கலாம், உண்ணலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ரியாஸிடம் சொன்னபோது, அவன் மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்காமல், "யாரும் மௌத்தாகல்லயே வாப்பா" என்றான். என் மகன் கேட்கும் தராதரம் இவ்வளவுதான்: பிணம் விழாவிட்டால் குற்றமில்லை. இதைக் கற்பதற்கு அவனைக் கடல்கடந்து அனுப்பியிருக்க வேண்டியதில்லை, ஊரிலேயே கற்றிருக்கலாம்.

ஆனால் அவனை ஏன் நோக வேண்டும்? இந்த நாட்டில் உண்மை தெரிந்த ஒரே மனிதன் நான். பேணி சாட்சி சொல்லாது. அது மல்லிகைபோல் இருக்கிறது. வாய் மூடியிருந்தால் என் பெயர் கெடாது. கெடாதது மட்டுமா, வளர்ந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் தம் மகளின் திருமணப் பேச்சுக்கு என்னை நடுவராக வரும்படி கேட்டார். ஒவ்வொரு மரியாதையையும் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மரியாதை குமட்டக்கூடியதென்று இந்த வயதில் அறிந்தேன்.

மூன்றாவது வெள்ளியன்று ஒரு மூதாட்டி, பேரனைப் பெற்றெடுத்த தம் மகளுக்குத் தேய்ப்பதற்காக இரண்டு பேணி வாங்கிச் சென்றார். போகும்போது என்னிடம் நின்று, "ஒங்கட பேர் இரிக்கிறதாலதான் தம்பி வாங்கினன்" என்றார். என்னைத் தம்பி என்று அழைக்க இந்த ஊரில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். நான் தலையசைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சலீமின் கடைக்குச் சென்றேன்.

7

கடையில் வேறு எவரும் இல்லை. சலீம் வெற்றுப் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அனைத்தையும் சொன்னேன்: முதல் தொகுதியில் பாம், இரண்டாவதில் பருப்பு, நடுவே அவரிடம் நான் சொன்ன உருகுநிலைப் பொய்.

அவர் கட்டிய கயிற்றை விடாமல் கேட்டார். பிறகு, "சேர், இத ஏன் என்கிட்ட வந்து சொன்னீங்க?" என்றார்.

"சொல்லாம இரிக்கிறது சரியில்ல."

"ஒங்களுக்குச் சரியில்ல. எனக்கு? தெரியாம இரிந்தா நான் நிம்மதியா வித்திருப்பன். அல்லாஹ் கேட்டாலும் எனக்குத் தெரியாது எண்டு சொல்லியிருப்பன். இப்ப அதுக்கும் வழியில்ல."

நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மன்னாரில இரிந்து வரக்குள்ள கையில ஒரு பேக் சேர். புத்தளத்தில ஒங்கட ஆக்கள்ட காணிக்குள்ளதான் கொட்டில் போட்டம். அகதி, அகதி எண்டுதான் கூப்பிட்டாங்க, பேர் சொல்லல்ல. இங்க வந்துதான் எனக்குப் பேர் வந்திச்சு. சலீம்ட கடையில நல்ல சாமான் எண்டு. அத நான் ஒங்கட ஒப்பத்த நம்பி அந்தப் பேணியோட சேத்து வித்துட்டன்."



அவர் தட்டிலிருந்த பேணிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். நான் உதவக் கை நீட்டினேன். "நீங்க இரிங்க சேர்" என்றார். அதில் இருந்தது மரியாதையா, வேறொன்றா என்று எனக்கு விளங்கவில்லை. இறக்கி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்தார்.

"எழுதித் தாங்க. வாயால சொன்னா காணாது. நாளைக்கு ஒங்கட மகன் பேசுவாரு, ஒங்கட அண்ணன்ட மகன் ஊரில இரிந்து பேசுவாரு, நீங்க மாறிருவீங்க. நான் கள்ளனாயிருவன். பேணியில ஒங்கட ஒப்பம் இரிக்கிதானே? இதிலயும் போடுங்க."

எழுதினேன். ஒப்பமிட்டேன். அவர் வாங்கி, பேணியின் முகப்போடு ஒப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முப்பது ஆண்டுச் சேவையில் என் கையெழுத்தை எவரும் சரிபார்த்ததில்லை.

"இது எனக்கு" என்றார். "மத்தக் கடைகளுக்கும் பேணி போயிரிக்கி. அதுக்கு நீங்கதான் வழி பாக்கணும்."

8

இந்நகர சபையில் உணவுப் பொருள்கள் பற்றிய முறைப்பாடுகளுக்கு ஒரு பகுதி உண்டு. முதலில் தொலைபேசியில் அழைத்தேன். இசை கேட்டுக் காத்திருந்த பின் ஓர் இளைஞன் எடுத்தான். நான் விடயத்தை ஒழுங்காக, கல்லூரியில் கற்ற ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, என் ஆங்கிலம் மிக நன்றாக இருப்பதாகப் பாராட்டினான். பிறகு இணையத்தில் படிவம் நிரப்பச் சொன்னான். எண்ணெயைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

படிவம் நிரப்ப ஃபரீனா உதவினாள். ரியாஸ் அறை வாசலில் நின்றுகொண்டு, "குடும்பத்த நாமளே காட்டிக் குடுக்கிறதா வாப்பா? ஊரில எப்படி முகம் பாக்கிறது?" என்றான். ஊர் என்ற சொல்லை அவன் வாயால் கேட்டு நெடுங்காலமாகியிருந்தது. தேவைப்பட்டால் அவனுக்கும் ஊர் இருக்கிறது.

ஃபரீனா ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள். பொருளின் பெயர். வாங்கிய இடம். குறை என்ன. குறையை எவ்வாறு அறிந்தீர்கள். அந்தக் கட்டத்தில் நௌஷாத் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொன்னேன். ஆய்வுகூடத்தில் சோதித்தால் தெரியுமா தெரியாதா என்பதை நான் அறியேன் என்றும் சேர்க்கவைத்து, அந்த வாக்கியத்தின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இடச் சொன்னேன். "இதில நட்சத்திரம் எதுக்கு மாமா?" என்றாள். விளக்கினேன். இட்டாள்.

முறைப்பாடு செய்பவரின் முழுப் பெயர். சொன்னேன். அடுத்து, பொருளின் முகப்பில் பொறுப்பாளராகக் குறிப்பிடப்பட்டிருப்பவரின் முழுப் பெயர்.

ஃபரீனாவின் விரல்கள் நின்றன. "மாமா, இதுக்கும் ஒங்கட பேர்தான் வரும்."

"போடு, மகள்."

வாசலில் நின்ற ரியாஸ் உள்ளே போய்விட்டான். அவள் தட்டினாள். என் பெயர் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்துகளில் திரையில் நின்றது. ஒடித்துப் பார்க்கையில் வளைந்த கொப்பறா ஒன்றைக் கழிவுக் கூடையில் எறியும்போது வாப்பா முகத்தைச் சுளிக்கமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. நான் சுளித்தேன்.

நௌஷாத் இப்போது என் அழைப்புகளை எடுப்பதில்லை. ஊரிலுள்ள உறவினர்கள் எனக்கு மூளை தளர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அறிகிறேன். மண்டபத்தில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்ன அன்று எவரும் கதிரை இழுத்துப் போடவில்லை. அந்த மூதாட்டி மட்டும் அருகில் வந்தார். "புள்ளைக்குத் தேச்சாச்சே தம்பி" என்றார். உடலில் தேய்ப்பதால் கெடுதல் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

ஊரில் இதை வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். என் கையெழுத்தோடு ஒரு பேணியைக் கண்டால் வாங்காதீர்கள். அது வெள்ளையாக உறைந்தாலும் வாங்காதீர்கள். தூய்மை என்ற சொல்லும் என் பெயரும் ஒரே முகப்பில் இருந்தால், அவ்விரண்டையும் சேர்த்தே சந்தேகியுங்கள்.

நேற்றுக் காலை நகர சபையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். படிவம் கிடைத்ததாகவும், அதில் ஒரு சிறு தவறு நேர்ந்திருப்பதாகவும் மிகப் பணிவாகச் சொன்னாள். முறைப்பாடு செய்பவர், முறைப்பாட்டுக்கு உள்ளானவர் ஆகிய இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர் பதிவாகியிருக்கிறதாம். வயதானவர்களுக்கு இந்தப் படிவம் சிரமம்தான், தானே திருத்திவிடுவதாகச் சொன்னாள்.

"எந்தப் பெயரை நீக்கட்டும்?" என்று கேட்டாள்.

இரண்டும் இருக்கட்டும் என்றேன்.